உடன்படுதலும் ஒரு வினையே



போளூர் வட்டத்துத் திருமலையில் நேமிநாதப் பெருமானை வணங்கி மீளும் நம்மவர்க்கு மேற்றிசையில் உயர்ந்து நிற்பது ஜவ்வாது மலைத்தொடர். அம்மலையில் வாழும் மக்களிடையே சில ஆண்டுகளுக்கு முன் நடைபெற்ற மருத்துவ ஆய்வு ஒன்றினைக் கொண்டு, நம் அறம் அத்தகைய ஆய்வுகளைப் பற்றி என்ன கூறுகின்றது என்பதைச் சிந்திப்போமாக.

கொக்கிப்புழு என்பது மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுட் புகுந்து, குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சிச் சோகையை விளைவிப்பது. பிள்ளைகளுக்கு மட்டும் புழுநீக்க மாத்திரை வழங்குவதே நாட்டு வழக்கம். அவ்வாறன்றி, ஊரிலுள்ள சிறியோர் பெரியோர் அனைவர்க்கும் ஆண்டுக்கு இருமுறையாக மூன்று ஆண்டுகள் அல்பெண்டசோல் மாத்திரை வழங்கினால் புழு பரவுவதையே நிறுத்தலாகுமா என்பது அவ்வாய்வின் வினா. ஜவ்வாது மலையிலும் திமிரி வட்டாரத்திலும் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் 2017 முதல் இதனை நடத்தினர். ஆப்பிரிக்காவின் பெனின், மலாவி நாடுகளிலும் இதே ஆய்வு நடந்தது. சீட்டுக் குலுக்கி எடுப்பது போல ஊர்த்தொகுதிகள் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. ஒரு பாதிக்குப் புதிய முறை. மறுபாதிக்குப் பழைய முறை.

இத்தகைய செய்தியைக் கேட்டவுடன் நம் இல்லங்களில் இருவகை மறுமொழி எழுவதுண்டு. "ஏழைகளைச் சோதனை எலிகளாக்கி விட்டார்களே" என்பது ஒன்று. "மருந்து இலவசமாகக் கிடைக்கிறது, பிறகு கேள்வி எதற்கு?" என்பது மற்றொன்று. ஒருபுடை நோக்கு உண்மையாகாது என்று கற்பிக்கும் அநேகாந்தம் நம்முடையது. ஆதலின் இரண்டையும் நிறுத்துப் பார்த்தல் நம் கடமை.

முதற் கூற்றை நோக்குவோம். சென்னையில் 1956-ஆம் ஆண்டு தொடங்கிய காசநோய் ஆய்வில், நோயாளர் ஒரு பகுதியினர் சானடோரியத்திலும் மறுபகுதியினர் தம் வீட்டிலும் மருந்து உண்டனர். இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர். வீட்டாருக்கும் அதனால் கூடுதல் தீங்கு நேரவில்லை. காசநோயாளரை ஊரைவிட்டு விலக்கி வைக்கும் துன்பம் உலகெங்கும் குறைய அது வழிகோலிற்று. அதில் பங்கேற்ற எளிய மக்களின் பெயரை நாம் அறியோம். அவர்தம் நன்மையையோ இன்றும் உண்கிறோம். ஆய்வு அனைத்தையும் பழித்துவிட்டு, அதன் பயனை மட்டும் மருந்துக்கடையில் வாங்கிக்கொள்வது நேர்மையாகுமா?

இரண்டாம் கூற்றை நோக்குவோம். 2009-ஆம் ஆண்டு ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குசராத்தின் வதோதரா மாவட்டத்திலும், கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி பல்லாயிரம் சிறுமியர்க்கு இடப்பட்டது. அவருள் பழங்குடிச் சிறுமியர் பலர். சிறுமியர் சிலர் இறந்த செய்தி பரவவே, 2010-இல் அப்பணி நிறுத்தப்பட்டது. அவ்விறப்புகளுக்கு ஊசி காரணமாகத் தோன்றவில்லை என்றே விசாரணைக் குழு கண்டது. அவ்வூசி பல நாடுகளில் நற்பயன் தந்து வருவதும் உண்மை. ஆயினும் ஒரு குற்றம் எஞ்சியது. பெற்றோர் அறியாமலே விடுதிக் காப்பாளர்கள் பல சிறுமியர்க்காகக் கையொப்பமிட்டிருந்தனர். நாடாளுமன்ற நிலைக்குழு 2013-இல் இதனைக் கடுமையாகக் கண்டித்தது. மருந்து நன்றே, இசைவு பெற்ற முறையே தீது.

இங்குதான் ஜினவறம் நமக்குக் கைவிளக்காகின்றது. தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என வினை மூவகைத்து. உடன்படுதலும் உயிரைப் பற்றும் வினையே என்றால், ஒருவரது உடன்பாடு எத்துணைப் பெரும்பொருள்! அறியாதவரிடமிருந்து அதனைப் பெறுவது கள்ளாமை விரதத்திற்கு ஊறு. உண்மையை மறைத்துப் பெறுவது பொய்யாமைக்கு ஊறு. உயிரின் பத்துப் பிராணன்களுள் மனவலிமையும் ஒன்று என்பர் ஆன்றோர். ஆதலின் ஒருவரை மருட்டி இசைய வைப்பது, உடலிற் காயம் படாவிடினும், ஹிம்சையே ஆகும்.

பிறரைக் குறை கூறுமுன் நம் குறையையும் கூறுதல் வேண்டும். ஆசிரியர் பயிற்சி முடித்துப் பள்ளியிற் பணியாற்றிய நாளில், மாணவர் மருத்துவ முகாமுக்கு உரிய இசைவுத் தாள்கள் நம்மிடம் தரப்பட்டன. மலையிலிருந்து இறங்கி வந்த தாய் ஒருவர், "டீச்சரம்மா, இதுல என்ன எழுதியிருக்குது?" என்று வினவினார். வரிசை நீண்டிருந்தது. "உன் பிள்ளைக்கு நல்லதுதான், பெருவிரலை வை" என்றோம். அவரும் வைத்தார். பிள்ளைக்குத் தீங்கேதும் நேரவில்லை. ஆனால் எழுத்தறிவிப்பதையே தொழிலாகக் கொண்ட நாம், எழுத்தறியாத ஒருவர் கேட்ட ஒரே வினாவுக்கு விடை கூறவில்லை. பிரதிக்கிரமணம் செய்யுந்தோறும் அம்முகம் இன்றும் நம்முன் வருகின்றது.

நம் முன்னோர் வகுத்த தானம் நான்கு: உணவு, மருந்து, கல்வி, அபயம். ஆய்வு செய்வோர் மருந்து தானத்தோடு நின்றுவிடலாகாது. இது எதற்காக, இதனால் நேரக்கூடிய தீங்கு யாது என்று அவரவர் மொழியில் விளக்குவது கல்வி தானம். "விருப்பமில்லையேல் எந்நாளும் விலகலாம், அதனால் உங்கள் வைத்தியம் நிற்காது, ஆய்வால் ஊறு நேர்ந்தால் காப்போம்" என்று உறுதி கூறுவது அபய தானம். நம் நாட்டின் 2019-ஆம் ஆண்டு மருத்துவ ஆய்வு விதிகளும் இதனையொட்டியே அமைந்துள்ளன. படிக்க இயலாதவர் இசைவளிக்கையில் நடுநிலைச் சாட்சி ஒருவர் உடனிருத்தல் வேண்டும். ஆய்வால் ஊறுற்றவர்க்கு மருத்துவமும் இழப்பீடும் உண்டு என்பன அவ்விதிகள்.

"புழுவும் ஈரறிவுயிர் அன்றோ? அதனைக் கொல்லும் மருந்து தகுமோ?" எனச் சிலர் வினவலாம். நல்ல வினா. இல்லறத்தார் முற்றும் துறக்க வேண்டுவது, கொல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடு செய்யும் சங்கல்ப ஹிம்சையை. பிள்ளையின் உயிரைக் காப்பது அதனின் வேறு. எனினும் காலுக்குச் செருப்பும் வீட்டுக்குக் கழிப்பறையும் அமைந்தால் புழு உடலுட் புகுவதே அரிதாகும். கொல்லும் தேவையும் குறையும். அதற்கு உதவுவது நம் சங்கத்தார்க்கு ஏற்ற அறம். விலங்குகளைத் துன்புறுத்தாத சோதனை முறைகளுக்கு 2023-ஆம் ஆண்டு விதித்திருத்தம் இடமளித்ததும் நாம் மகிழத்தக்கதே.

இனி நாம் செய்யத்தக்கன இரண்டு. மருத்துவர் நம்மை ஓர் ஆய்வுக்கு அழைத்தால், அஞ்சி ஓடாமலும் ஆராயாது ஒப்பாமலும், வினவித் தெளிந்து முடிவு செய்க. அடுத்து, ஆய்வுகளை நெறிப்படுத்தும் அறநெறிக் குழுக்களில் மருத்துவர் அல்லாத பொதுமக்கள் ஒருவரும் இருத்தல் வேண்டும் என்பது விதி. நம்முள் கற்றோர், ஓய்வு பெற்றோர் பலர் உளர். வாய்ப்பு வருமாயின் அவ்விருக்கையில் அமர்ந்து, அம்மலைத் தாயின் வினாவை அவர் சார்பில் வினவுக: "இதில் என்ன எழுதியிருக்கிறது?" விடை தெளிவாகக் கிடைக்கும் வரை உடன்படாதிருப்பதும் அஹிம்சையே.

எல்லா உயிரும் இன்புறுக! ஜினவறம் ஓங்குக!