விலையும் பெறுமதியும்: பழைய மின்கித்தார்கள் எழுப்பும் ஒரு வினா

இசைக்கருவி எதற்காகச் செய்யப்படுகிறது? வாசிப்பதற்காக என்பதே எவரும் தரக்கூடிய விடை. ஆயினும், வாசிக்கப்படாது இருந்தமையாலேயே விலை ஏறும் கருவிகளும் உலகில் உள. 1950களிலும் 1960களின் முற்பகுதியிலும் அமெரிக்காவில் உருவான மின்கித்தார்கள் அத்தகையன. இவற்றில் ஒன்றை உடையவர் தம் தேவைக்கேற்ப அதனை மாற்றியமைக்கலாமா, அன்றி வந்தபடியே பேணுவது அவர் கடனா? சிலரின் பொழுதுபோக்குப் பற்றிய வினாப்போல இது தோன்றலாம். ஆனால், பொருளுக்கும் அதனைப் படைத்த உழைப்புக்கும் அதனைப் பயன்படுத்துவோருக்கும் இடையிலுள்ள உறவையே இவ்வினா தொடுகின்றது. ஆதலால் இதனை ஆராய்வது தகும்.

வானொலி திருத்தும் தொழிலில் இருந்த லியோ பெண்டர், கலிபோர்னியாவின் புல்லர்டன் நகரிலே 1946இல் தம் பெயரால் ஒரு தொழிற்சாலையை நிறுவினார். ‘ஸ்ட்ராட்டோகாஸ்டர்’ என்னும் மின்கித்தார் 1954இல் அங்கிருந்து வெளிவந்தது. அன்று அதன் விலை ஏறத்தாழ 250 டொலர். கருவியின் கழுத்தை உடலோடு பசையால் ஒட்டும் பழைய முறையைக் கைவிட்டு, நான்கு திருகாணிகளால் அவர் பொருத்தினார். தேய்ந்த உறுப்பைக் கழற்றி வேறொன்றைப் பூட்டுதல் இதனால் எளிதாயிற்று. திருத்துபவர் ஒருவரின் சிந்தனையில் உதித்த கருவி இது. 1965இல் பெண்டர் தம் நிறுவனத்தைச் சீ.பீ.எஸ். கொம்பனிக்கு 130 இலட்சம் டொலருக்கு விற்றார். அவ்விற்பனைக்கு முந்திய கருவிகளையே சேகரிப்போர் பெரிதும் விரும்புகின்றனர்.

ஒரு கருவி எவ்வாண்டினது என்பதை அறிவது எங்ஙனம்? கழுத்தைப் பொருத்தும் உலோகத்தகட்டிலே தொடரிலக்கம் உண்டு. ஆனால் தகடுகள் இலக்க ஒழுங்கிற் பூட்டப்படாமையால், அது ஆண்டைத் தோராயமாகவே காட்டும். ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் உறுப்பின் முதுகிலும் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 304 6320 என்றிருப்பின், முதல் மூன்று இலக்கங்கள் அவ்வுறுப்பைச் செய்த ஸ்டக்போல் கொம்பனியைச் சுட்டும். 63 ஆண்டையும் 20 அவ்வாண்டின் வாரத்தையும் சுட்டும். கருவி அதற்கு முன்னர் முற்றுப்பெற்றிருக்க இயலாது. ஈயப்பற்றுக் கலையாதிருக்கிறதா என்பதும், புறவூதா ஒளியிலே பழைய பூச்சு எவ்வாறு தோன்றுகிறது என்பதும் வேறு சான்றுகள். யாவற்றினும் சிறந்த சான்று, கழுத்தின் அடிப்புறத்திலே, உடலுக்குள் மறையும் பகுதியில், பென்சிலால் எழுதப்பட்ட திகதியும் பெயரின் முதலெழுத்துக்களுமாகும்.

அவ்வெழுத்துக்கள் யாருடையவை? 1950களின் கழுத்துக்கள் பலவற்றில் ‘ரி.ஜி.’ எனக் காணப்படுவது ததேயோ கோமஸ் என்னும் தொழிலாளியின் அடையாளம். அதிர்வை மின்னலையாக மாற்றும் காந்தங்களின்மேல் மயிரினும் நுண்ணிய செப்புக்கம்பியைச் சுற்றியவர்களுள் அபிகேல் இபாரா என்னும் பெண்மணியும் ஒருவர். 1956இல் வேலைக்குச் சேர்ந்த அவர் 2013இலேயே ஓய்வு பெற்றார். கருவியின் தலையிலே முதலாளியின் பெயர் ஒளிர, தொழிலாளியின் பெயரோ மரத்தின் மடிப்பிலே ஒளிந்திருந்தது. இன்று அப்பென்சிற் கீறலே விலையை உயர்த்துகின்றது. ஆனால் அவ்வுயர்வு சேர்வது, கையில் வைத்திருந்து விற்பவரிடமே. எழுதிய கை அன்று பெற்றது வாரக்கூலி மட்டுமே.

இனி மாற்றியமைத்தல் பற்றி நோக்குவோம். மீண்டும் பூச்சிடப்பட்ட கருவி ஏறத்தாழப் பாதி விலையை இழந்துவிடும் என்பது சந்தையின் வாய்பாடு. ஆயின், எரிக் கிளப்டன் 1970இல் நாஷ்வில் நகரிலே பழைய கித்தார்கள் சிலவற்றை வாங்கி, மூன்றின் உறுப்புக்களைச் சேர்த்து ஒன்றாக்கினார். அது 2004இல் 9,59,500 டொலருக்கு ஏலம் போயிற்று. கழுத்தும் காந்தச்சுருள்களும் மீண்டும் மீண்டும் மாற்றப்பட்ட டேவிட் கில்மோரின் கருநிறக் கித்தார், 2019இல் 39,75,000 டொலருக்கு விற்பனையாயிற்று. அப்பணத்தைச் சூழல் காக்கும் பணிக்கு அவர் ஈந்தார். இரவு விடுதியிலே வாசித்து வயிறு வளர்த்த ஒரு பெயரறியாக் கலைஞன் அதே மாற்றத்தைச் செய்திருப்பின், அது சிதைவு எனப்படும். புகழ்பெற்றவர் செய்தால் வரலாறு. எளியவன் செய்தால் பழுது! இத்தகைய அளவுகோலை அறம் என ஏற்க நம்மால் இயலாது.

அங்ஙனமாயின், உடையவர் எதனையும் செய்யலாமோ? அதுவுமன்று. தேய்ந்த மெட்டுக்கம்பிகளை மாற்றுவதும், இரையும் சுருளுக்குப் பதிலாக வேறொன்றைப் பூட்டுவதும் கருவியை வாழவைக்கும் செயல்கள். கழற்றிய உறுப்புக்களைப் பேணி வைத்தால், பின்வருவோர் மீண்டும் பூட்டலாம். ஆனால் உளியாற் குடைந்த மரம் மீள வளராது. தேய்த்தழித்த பென்சில் எழுத்தும் மீளாது. ஒரு தொழிலாளி விட்டுச்சென்ற ஒரே கையொப்பம் அதுவாகவும் இருக்கலாம். ஆகவே, மீட்கக்கூடிய மாற்றத்தைத் தயங்காது செய்யலாம். மீட்கவியலாததைச் செய்யுமுன் அதன் இன்றியமையாமையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். எம்மாற்றத்தையும் மறைத்து, புதிய உறுப்பைப் பழையதென விற்பதோ களவு என்பதில் ஐயமில்லை.

இவை யாவற்றினும் பெரிய மாற்றமொன்றைப் பற்றிச் சந்தை பேசுவதேயில்லை. ஒரு திருகாணியும் தொடப்படாமல், விலையேற்றத்தை எதிர்நோக்கி இரும்புப்பெட்டியில் அடைக்கப்படும் கித்தார், இசைக்கருவி என்னும் நிலையிலிருந்து பங்குப்பத்திரம் என்னும் நிலைக்கு மாறிவிடுகின்றது. அருங்காட்சியகம் மக்களுக்காக ஒன்றைப் பேணுவது வேறு. தனியொருவர் இலாபத்திற்காகப் பூட்டி வைப்பது வேறு. கோமசும் இபாராவும் தம் உழைப்பை ஈந்தது கருவி ஒலிப்பதற்காகவே. அவர்கள் உழைப்புக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, அக்கருவியை ஒலிக்க விடுவதும், ஒலிக்கும் நிலையிலே அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பதுமாகும்.