கேள்வி ஈமானுக்குப் பகையா?

மதுரை செல்லூரில், வைகையின் வடகரையில், தறிச் சத்தம் ஓயாத ஒரு தெருவில், சில ஆண்டுகளுக்கு முன்னர் மாலைநேர மதரஸாவில் நாம் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்து வந்தோம். ஒருநாள் பாடம் முடிந்து இஷாவுக்கு பாங்கு சொல்லும் நேரம். பத்தாம் வகுப்பில் படிக்கும் பிள்ளை ஒருவன், மற்றவர்கள் கலைந்து செல்லும்வரை காத்திருந்து நம்மிடம் வந்தான்.

"ஹஜ்ரத், ஒன்று கேட்டால் கோபிக்க மாட்டீர்களே?" என்று தயங்கித் தொடங்கினான். "நான் முஸ்லிம் வீட்டில் பிறந்தேன், தொழுகிறேன். எதிர்வீட்டுப் பையன் அவன் வீட்டில் பிறந்தான், கோயிலுக்குப் போகிறான். நாங்கள் இடம் மாறிப் பிறந்திருந்தால் அவன் இங்கே உட்கார்ந்து ஓதிக்கொண்டிருப்பான். நான் கோயிலில் நின்றிருப்பேன். அப்படியானால் என் ஈமான் என்னுடையதா, நான் பிறந்த வீட்டினுடையதா?"

அந்த நேரத்தில் நம்மிடம் பதில் இல்லை. பதில் இல்லை என்று சொல்லும் மனமும் இல்லை. "இப்படி நினைப்பதே ஷைத்தானுடைய வேலை. தவ்பா செய்துவிட்டுப் போய்ப் பாடத்தைப் பார்" என்று அதட்டி அனுப்பினோம். பிள்ளை தலை கவிழ்ந்து போனான். சில நாட்கள் வந்தான், பிறகு வரவில்லை. சில மாதங்கள் கழித்து அவனுடைய அத்தா நம்மைத் தெருவில் கண்டு, "பையன் இப்போதெல்லாம் ஜும்ஆவுக்கு மட்டும்தான் வருகிறான் ஹஜ்ரத். அதுவும் அல்லாஹ்வுக்காக வருகிறானா, என் முகத்துக்காக வருகிறானா தெரியவில்லை" என்றார். அந்த வார்த்தை நம் நெஞ்சில் தைத்தது. அவனைப் பள்ளிவாசலிலிருந்து விரட்டியது அவன் கேட்ட கேள்வி அன்று. நாம் கொடுத்த பதில்தான்.

அன்பர்களே! இன்று நம் வீடுகளில் இதே போன்ற கேள்வியைப் பிள்ளைகள் கேட்கிறார்கள். தாய் காதைப் பொத்திக்கொள்கிறாள். தகப்பன் கையை ஓங்குகிறார். நம் போன்றவர்கள் தவ்பா செய்யச் சொல்லுகிறோம். கேள்வி அத்துடன் ஒழிந்து போகிறதா என்பதை நாம் நிதானமாகச் சிந்திக்க வேண்டும்.

இமாம் கேட்ட கேள்வி

அந்தப் பிள்ளையை அனுப்பிய பிறகுதான் நமக்கு ஓர் உண்மை உறைத்தது. அவன் கேட்டது புதிய கேள்வியே அன்று. ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் என்று நாம் போற்றும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கேட்டுவிட்ட கேள்வி அது.

ஹிஜ்ரி 450-ல் (கி.பி. 1058) தூஸ் நகரில் பிறந்தவர்கள் அவர்கள். தம் தேட்டத்தின் வரலாற்றை 'அல்முன்கித் மினள் ளலால்' என்னும் நூலில் தாமே எழுதி வைத்திருக்கிறார்கள். கிறிஸ்தவர் வீட்டுப் பிள்ளைகள் கிறிஸ்தவர்களாகவும், யூதர் வீட்டுப் பிள்ளைகள் யூதர்களாகவும், முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் முஸ்லிம்களாகவும் வளருவதைத் தாம் இளவயதிலேயே கவனித்ததாகவும், ஒவ்வொரு குழந்தையும் இயற்கையான ஃபித்ராவில் பிறக்கிறது, பெற்றோரே அதனை மாற்றுகின்றனர் என்ற கருத்துடைய ஹதீஸைச் சிந்தித்ததாகவும், அப்பொழுதே கண்மூடிப் பின்பற்றுதல் என்னும் கட்டு அறுந்து போனதாகவும் அதில் சொல்லுகிறார்கள். பின்னர் கண்ணையும் அறிவையுமே நம்ப முடியாத ஐயம் ஏறத்தாழ இரண்டு மாத காலம் தம்மை ஒரு நோய்போல் பற்றியிருந்ததையும் அவர்கள் மறைக்கவில்லை. அதிலிருந்து தம்மை மீட்டது வாதங்களின் அடுக்கு அன்று, அல்லாஹ் உள்ளத்தில் இட்ட ஓர் ஒளி என்றும் எழுதுகிறார்கள்.

ஹிஜ்ரி 484-ல் பக்தாது நிஜாமிய்யா மதரஸாவின் பேராசிரியர் பதவி அவர்களுக்குக் கிடைத்தது. அந்நாளில் அதைவிடப் பெரிய பதவி ஆலிம்களுக்கு இல்லை. ஆயினும் 488-ல் (1095) நாவே எழாமல் பாடம் நடத்த முடியாத நிலைக்கு ஆளாகி, அத்தனையையும் விட்டுத் தேடிப் புறப்பட்டார்கள். ஆரோக்கியத்தின் இலக்கணத்தை அறிந்திருப்பது வேறு, ஆரோக்கியமாக இருப்பது வேறு என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். அந்தத் தேட்டத்தின் பயனையே 'இஹ்யாவு உலூமித்தீன்' மூலம் நாம் இன்றுவரை அனுபவித்து வருகிறோம். அவர்களுடைய பதினைந்து வயதில் யாரேனும் தவ்பா செய்யச் சொல்லி வாயை அடைத்திருந்தால்?

திருமறை காட்டும் வழி

முன்னோர்களை இந்த வழியில் கண்டோம், அதனால் நாங்களும் நடக்கிறோம் என்று சொன்னவர்களைத் திருக்குர்ஆன் பல இடங்களில் கண்டிக்கிறது. அல்பகரா அத்தியாயம் 170-ஆம் வசனத்தைப் பாருங்கள். இந்தக் கண்டனம் மக்கத்துக் குறைஷிகளுக்கு மட்டும் உரியது என்று நாம் ஒதுங்கிக்கொள்ளலாகாது. அத்தா தொழுதார், அதனால் நானும் தொழுகிறேன் என்பதோடு நின்றுவிட்டவர் தம்மையும் ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும்.

நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் இறந்தவற்றுக்கு எவ்வாறு உயிர் கொடுக்கிறாய் என்று காட்டுமாறு இறைவனிடமே வேண்டினார்கள். நம்பவில்லையா என்று இறைவன் வினவ, நம்புகிறேன், என் உள்ளம் அமைதி பெறுவதற்காகக் கேட்கிறேன் என்ற பொருள்பட விடையளித்தார்கள். இது அல்பகரா 260-ல் உள்ளது. இறைவன் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. பறவைகளைக் கொண்டு காட்டிக் கொடுத்தான்.

அகீதா நூல்களில் 'முகல்லித்' பற்றிய பாடத்தை மதரஸாவில் ஓதியவர்கள் அறிவார்கள். ஆதாரம் எதுவும் அறியாமல், பிறர் சொல்லக் கேட்டு மட்டும் நம்பிக்கை கொண்டவரின் ஈமான் செல்லுபடியாகும் என்பதே பெரும்பாலான இமாம்களின் முடிவு. ஆயினும் சிந்திக்கும் ஆற்றல் இருந்தும் சிந்திக்காமல் விட்டவர் அதற்காகக் குற்றவாளியாவார் என்று அவர்களில் பலர் சேர்த்துச் சொன்னார்கள். நாமோ சிந்திக்கத் தொடங்கிய பிள்ளையைக் குற்றவாளி ஆக்குகிறோம்!

கேள்விக்கும் எல்லை உண்டே?

கேள்விகள் கேட்காதீர்கள் என்று அல்மாயிதா 101-ஆம் வசனத்தில் வரவில்லையா என்று சிலர் வினவுவர். வெளிப்படுத்தப்பட்டால் கேட்டவருக்கே வருத்தம் தரக்கூடிய, தேவையற்ற துருவல்களைப் பற்றியது அது. ஈமானைத் தேடிக் கேட்பதைத் தடுக்க அதனை எடுத்துக் காட்டுவது பொருந்தாது. தெரியாததை அறிந்தோரிடம் கேளுங்கள் என்று கட்டளையிடுவதும் அதே குர்ஆன்தான்.

வஸ்வாஸ் என்பதும் உண்டு. அல்லாஹ்வைப் படைத்தது யார் என்று முடிவின்றி உள்ளத்தில் சுழலும் எண்ணம் வந்தால், அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடி அத்துடன் நிறுத்திக்கொள்ளுமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் கற்பித்துள்ளார்கள். ஆனால் வாயால் சொல்லவும் அஞ்சும் எண்ணங்கள் தம் உள்ளத்தில் தோன்றுவதாக ஸஹாபாக்கள் சிலர் வந்து முறையிட்டபோது, அந்த அச்சத்தையே தெளிவான ஈமானின் அடையாளமாக அவர்கள் எடுத்துக் கூறியதும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகி இருக்கிறது. உள்ளத்தில் வந்ததை மனம் விட்டுச் சொல்லும் துணிவு ஸஹாபாக்களுக்கு இருந்தது. ஏனெனில் கேட்டவர்களை அவர்கள் விரட்டமாட்டார்கள் என்று தெரிந்திருந்தது.

அடைத்தால் நிற்காது

ஸல்மான் ஃபார்ஸீ (ரலி) அவர்களின் தகப்பனார் நெருப்பை வணங்கியவர். தம் மகனை அந்த நெருப்புக்குக் காவலாளியாகவும் வைத்திருந்தார். மகன் கிறிஸ்தவர்களின் வழிபாட்டைக் கண்டு கேள்வி கேட்கத் தொடங்கியதும், பயந்துபோய்க் காலில் விலங்கிட்டு வீட்டில் அடைத்தார் என்று வரலாறு கூறுகிறது. மகன் விலங்கை உடைத்துக்கொண்டு ஷாம் நாடு போனார்கள். மோசூல், நஸீபீன், அம்மூரிய்யா என ஊர் ஊராக அலைந்தார்கள். அடிமையாக விற்கப்பட்டு மதீனா வந்து சேர்ந்தார்கள். தேடியது அங்கே கிடைத்தது.

நம் தமிழகத்திலும் சான்றுகள் உண்டு. திராவிட இயக்கத்தின் எழுத்தாளராக விளங்கிய அடியார் அவர்கள், 'நான் காதலிக்கும் இஸ்லாம்' என்ற நூலை எழுதிய உடனேயே கலிமாச் சொல்லிவிடவில்லை. ஆண்டுகள் கழித்து 1987-ல்தான் அப்துல்லாஹ் அடியார் ஆனார்கள். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெரியார்தாசன் அவர்கள் நாத்திக மேடைகளில் முழங்கியவர். பின்பு பௌத்தத்தை ஆய்ந்தவர். 2010-ல் இஸ்லாத்தைத் தழுவி அப்துல்லாஹ் என்று பெயர் சூட்டிக்கொண்டார்கள். 2013-ல் காலமானார்கள். இவர்களை மேடையேற்றி மகிழ்ந்த நாம் ஒன்றை மறந்துவிட்டோம். பிறந்த வழியைக் கேள்வி கேட்டதனால்தான் இவர்கள் நம்மிடம் வந்தார்கள். அடுத்த வீட்டுப் பிள்ளை கேட்டால் அது தேட்டம், நம் வீட்டுப் பிள்ளை கேட்டால் அது குழப்பம் என்பது என்ன நியாயம்?

கசப்பான ஒன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 2017 மார்ச் மாதத்தில் கோவையில், கடவுள் மறுப்புக் கொள்கைக்குச் சென்றுவிட்ட முஸ்லிம் குடும்பத்து இளைஞர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அதற்காகக் கைதானவர்கள் நம் சமுதாயத்தவர்களே. மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்று அறிவித்த குர்ஆனைக் கையில் வைத்திருக்கும் நாம் அச்செய்தியைக் கேட்டு வெட்கித் தலைகுனிய வேண்டும். ஒரு மனிதன் உயிரோடு இருக்கும்வரை தேடிக்கொண்டிருக்கிறான். திரும்பி வரும் வாசலும் திறந்திருக்கிறது. கத்தி எடுத்தவன் அந்த வாசலையல்லவா அடைத்தான்! அதட்டலில் தொடங்குவது எங்கே போய் முடியக்கூடும் என்பதை நாம் உணர வேண்டும்.

இனி என்ன செய்வது?

தகாத உறவுக்கு அனுமதி கேட்டு ஓர் இளைஞர் பெருமானார் (ஸல்) அவர்களின் சபைக்கே வந்தார். கூடியிருந்தோர் அதட்டினர். பெருமானார் அவர்களோ அவரை அருகே அழைத்து அமரச் செய்து, உன் தாய்க்கு இதை விரும்புவாயா, மகளுக்கு விரும்புவாயா என்று வினாக்களாலேயே அவரைச் சிந்திக்க வைத்து, கையை வைத்துத் துஆச் செய்து அனுப்பினார்கள். முஸ்னது அஹ்மதில் வரும் செய்தி இது. பாவத்துக்கு அனுமதி கேட்டவருக்கே அருகில் இடம் கிடைத்தது. ஈமானைப் பற்றிக் கேட்கும் பிள்ளைக்கு நம் அருகில் இடம் இல்லையா?

பெற்றோர்களே! பிள்ளை கேட்டால் உட்கார வைத்துக் கேளுங்கள். பதில் தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால், "எனக்குத் தெரியவில்லை, வா, தெரிந்தவரிடம் போவோம்" என்று சொல்லுங்கள். அதனால் உங்கள் மதிப்புக் குறையாது. இளைஞர்களே! தேடுவது என்றால் உண்மையாகவே தேட வேண்டும். முடிவை முன்னரே எடுத்து வைத்துக்கொண்டு கேட்பது தேட்டம் அன்று, தர்க்கம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் பதவியைக் கொடுத்தார்கள். ஸல்மான் (ரலி) அவர்கள் சுதந்திரத்தையே இழந்தார்கள். நீங்கள் ஒரு நல்ல நூலைப் பொறுமையாகப் படிக்கவாவது நேரம் கொடுங்கள்.

அந்தப் பிள்ளையைத் தேடி நாம் அவர்கள் வீட்டுக்குச் சென்றோம். அத்தா தறியில் இருந்தார். பாவில் ஓர் இழை அறுந்தது. தறியை நிறுத்தி, குனிந்து, இழையைத் தேடிப் பிடித்து, முடிச்சுப் போட்ட பின்னரே மீண்டும் ஓட்டினார். "அப்படியே ஓட்டினால் என்ன?" என்று கேட்டோம். "துணி முழுக்கப் பழுதாகிவிடும் ஹஜ்ரத்" என்றார். நாம் செய்யத் தவறியது அதுதான்.

மகனிடம், "அன்று உன்னை அதட்டியது எம் தவறு. நீ கேட்டது இமாம் கஸ்ஸாலி கேட்ட கேள்வி" என்றோம். அவன் நம்பாமல் பார்த்தான். "ஏழெட்டு ஐம்பத்தாறு என்று வாத்தியார் சொல்லித்தான் உனக்குத் தெரியும். அவர் சொல்லிக் கொடுத்தார் என்பதால் அது மெய்யாகிவிடாது, பொய்யாகியும் விடாது. நீயே கூட்டிப் பார்த்தால் தெரியும். உன் ஈமானும் அத்தா வீட்டிலிருந்துதான் வந்தது. வாசல் வரை கொண்டுவந்து விடுவது பிறப்பு. உள்ளே போவது உன் வேலை. தொழுது பார், படித்துப் பார், கேட்டுப் பார். எதிர்வீட்டுப் பையனைப் பற்றிக் கவலை வேண்டாம். தூதரை அனுப்பாமல் எவரையும் தண்டிப்பதில்லை என்று சொன்ன நீதியாளன் அவனுக்கும் இறைவன். அவனுக்கும் தேடும் உரிமை உண்டு" என்றோம்.

அவன் உடனே ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் வந்தான், வேறொரு கேள்வியோடு. இன்றும் வருகிறான். அவனுடைய கேள்விகள் தீர்ந்துவிடவில்லை. சிலவற்றுக்கு நாமும் நூல்களைப் புரட்டிவிட்டே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் இப்போது அவன் தொழுகைக்கு நிற்பது அத்தாவின் முகத்துக்காக அன்று.

வல்ல நாயன் நம் பிள்ளைகளுக்குத் தேடும் உள்ளத்தையும், நமக்குக் கேட்கும் செவியையும் அருள்வானாக! ஆமீன்.