நொட்டையும் பரிசோதனையும்

பழைய கார் ஒன்று வாங்கப் போகிறேன் என்று சோமனூரில் யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான் வரும்: "நல்லா பாத்து வாங்குங்க தம்பி." எவ்வளவு பார்த்தால் 'நல்லா' என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. போனட்டைத் திறந்து பார்த்தால் போதுமா, மெக்கானிக்கைக் கூட்டிப் போக வேண்டுமா? நாலு வண்டி பார்ப்பதா, நாற்பதா? கதவோரம் ஒரு டச்சப் தெரிந்தால் விட்டுவிடலாமா, அதைப் பிடித்துக்கொண்டு பதினைந்தாயிரம் குறைக்கச் சொல்லலாமா?

பொதுவாக இதைச் சாமர்த்தியம் சம்பந்தப்பட்ட விஷயமாகத்தான் பேசுகிறோம். ஏமாறாதவன் கெட்டிக்காரன், அவ்வளவுதான். ஆனால் எனக்கு இதில் ஒரு அறக்கேள்வியும் இருப்பதாகப் படுகிறது. இன்னொருவரின் பொருளில் எந்த அளவுக்குக் குறை பார்க்க நமக்கு உரிமை இருக்கிறது? எந்த அளவுக்குப் பார்க்காமல் விடுவது தப்பு? இப்படிக் கேட்கத் தோன்றுவதற்கு ஊரும் ஒரு காரணம். சோமனூர் பிழைப்பதே இன்னொருவர் குறை பார்க்கும் கண்ணை நம்பித்தான்.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கே பெரும்பாலும் கூலி விசைத்தறி. பாவும் ஊடை நூலும் ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பார். தறிக்காரர் காடாத் துணியாக நெய்து திருப்பிக் கொடுத்துக் கூலி வாங்குவார். நூலும் அவருடையதில்லை, துணியும் அவருடையதில்லை. துணி போன பிறகு அங்கே பிரித்துப் பார்ப்பார்கள். இழை விட்டிருந்தால், எண்ணெய்க் கறை பட்டிருந்தால் கூலியில் பிடித்தம். என் அப்பா முப்பது வருஷம் இப்படி ஓட்டியவர். குறையே இருந்ததில்லை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கரண்ட் போய் வந்தால், தறி நின்று ஓடிய இடம் துணியில் கோடாகத் தெரியத்தான் செய்யும். அவருடைய வருத்தம் வேறு. துணி வேகமாகப் போகிற மாதத்தில் அந்தக் கோடு யார் கண்ணிலும் படாது. துணி தேங்குகிற மாதத்தில் மட்டும் பளிச்சென்று தெரியும்.

நொட்டை சொல்வது என்று நாம் சொல்வது இதைத்தான். குறையைப் பார்த்து அதற்கேற்ப விலை சொல்வது ஒரு வேலை. விலையைக் குறைக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குத் தோதான குறையைத் தேடுவது முற்றிலும் வேறு வேலை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டு பேருமே குனிந்து வண்டியின் அடிப்பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த இரண்டையும் எப்படிப் பிரிப்பது? முக்கால் மணி நேரத் தொலைவில் திருப்பூரில் அதற்கு ஒரு முறை தினமும் நடைமுறையில் இருக்கிறது. பனியன் ஏற்றுமதியில் இருப்பவர்களுக்கு 'ஏக்யூஎல்' என்ற சொல் தண்ணீர் பட்ட பாடு. ஏற்றுக்கொள்ளத்தக்க தர வரம்பு என்று சொல்லலாம். 5,000 டி-ஷர்ட் கொண்ட ஒரு ஷிப்மென்ட்டில் வழக்கமான அட்டவணைப்படி 200 உருப்படிகளை எடுத்துப் பார்ப்பார்கள். குறைகள் மூன்று வகை. உடைந்த ஊசி முனை துணிக்குள் இருப்பது போன்ற ஆபத்தான குறை ஒன்று இருந்தாலும் மொத்தமும் நிராகரிப்பு. தையல் பிரிவது போன்ற பெரிய குறைக்கு 2.5 என்ற வரம்பு வைத்திருந்தால், பத்து உருப்படி வரை ஏற்பார்கள், பதினொன்று என்றால் இல்லை. வெட்டாமல் விட்ட நூல் போன்ற சின்னக் குறைக்கு 4.0 என்றால் பதினான்கு வரை போகலாம்.

இந்த முறை கருணையானது என்று சொல்ல வரவில்லை. பதினொன்றாவது உருப்படியால் எத்தனை பேருக்கு ராத்திரி ஷிஃப்ட் விழும் என்று அங்கே வேலை செய்தவர்களுக்குத் தெரியும். ஆனாலும் இதில் இரண்டு நேர்மைகள் இருக்கின்றன. குறையே இல்லாத சரக்கு என்று ஒன்று கிடையாது என்பதை அது முதலிலேயே ஒப்புக்கொள்கிறது. அதைவிட முக்கியம், வரம்பு எவ்வளவு என்பது பெட்டியைத் திறப்பதற்கு முன்பே இரண்டு பக்கத்துக்கும் தெரியும். மார்க்கெட் இறங்கிவிட்டது என்பதற்காகப் பத்தை ஏழாக்க முடியாது. அப்பாவின் துணிக்கு இல்லாமல் போனது இந்த இரண்டாவது நேர்மைதான்.

ஆகவே வண்டி பார்க்கக் கிளம்பும் முன்பே போனில் மூன்று பத்தியாக ஒரு பட்டியல் எழுதினேன். அம்மாவை மாதம் இரண்டு முறை கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். நாலு லட்சத்துக்குள் ஒரு வண்டி. முதல் பத்தியில் விட்டுக்கொடுக்க முடியாதவை. பிரேக், ஸ்டியரிங், டயர், சீட் பெல்ட். பெரிய ஆக்சிடென்ட்டில் சேஸிஸோ பில்லரோ வளைந்து நிமிர்த்தின வண்டி வேண்டாம். வெள்ளத்தில் மூழ்கினது வேண்டாம். 2015 டிசம்பரில் சென்னையில் மூழ்கியது போன்ற வண்டியைக் கழுவி உலர்த்தினாலும், சீட் பெல்ட்டை முழுசாக இழுத்துப் பார்த்தால் உள்ளே சேற்றுக் கறை இருக்கலாம், ஸ்டெப்னி வைக்கும் குழியில் துரு இருக்கலாம். பிறகு ஏர்பேக். 2019 ஜூலை முதல் தயாரான புதிய கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம். முன்னால் பக்கத்து சீட்டுக்கு எல்லா மாடல்களிலும் கட்டாயமானது 2022-இல்தான். அம்மா உட்காரப் போவது அந்த சீட்டில்.

காகிதங்களும் முதல் பத்தியில்தான். பேர் மாற்றாமல் ஓட்டுவதை ஊரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "அப்புறமா மாத்திக்கலாங்க" என்பார்கள். ஆனால் 2018-இல் நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில், ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வண்டி நடுவில் பல கை மாறியிருந்தது, ஆர்.சி. மட்டும் மாறவில்லை. ஃபாரம் 29, 30 என்பவை வாங்குகிறவரையும் விற்கிறவரையும் தாண்டி, நாளைக்கு ரோட்டில் அடிபடப் போகிற யாரோ ஒருவருக்காகவும் இருக்கின்றன.

இரண்டாவது பத்தியில் இன்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச், ஏசி. இவை பணத்தால் சரியாகிற குறைகள். செலவு எவ்வளவோ அவ்வளவு விலையில் கழியும். மூன்றாவது பத்தியில் கீறல், சின்ன ஒடுக்கு, கிழிந்த சீட் கவர், பாடாத ஸ்டீரியோ. இவற்றைப் பற்றிப் பேசவே கூடாது என்று எழுதி வைத்தேன். அவை என் கௌரவத்தைத் தொடுகிற குறைகள், யார் உயிரையும் தொடுவதில்லை.

இப்படிப் பிரித்த பிறகு ஒன்று புரிந்தது. 'எவ்வளவு கறாராக இருப்பது' என்ற கேள்விக்கு ஒரே அளவில் பதில் இல்லை. முதல் பத்தியில் தாராளம் காட்டுவது பெருந்தன்மை ஆகாது, ஏனென்றால் அதன் விலையை நான் கொடுக்கப் போவதில்லை. பக்கத்தில் உட்காருகிறவரும் எதிரில் வருகிறவரும் கொடுப்பார்கள். மூன்றாவது பத்தியில் கறாராக இருப்பதைத் தர உணர்வு என்று சொல்லிக்கொள்ளலாம். பெரும்பாலும் அது பேரம்தான்.

சரி, எத்தனை வண்டி பார்ப்பது? எங்கள் துறையில் இதற்கு ஒரு பிரபலமான கணக்கு உண்டு. வரப்போகிறவற்றில் முதல் 37 சதவீதத்தைப் பார்த்துவிட்டு எதையும் எடுக்காமல் விடு. அதன் பிறகு, பார்த்தவை எல்லாவற்றையும்விட நல்லதாக வருகிற முதல் ஒன்றை எடு. ஆகச் சிறந்தது கையில் கிடைக்கும் வாய்ப்பு இப்படிச் செய்தால்தான் அதிகம். கணக்கு சரிதான். ஆனால் அதற்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: ஆகச் சிறந்ததற்கு மட்டும்தான் மதிப்பெண், இரண்டாவது சிறந்ததற்குப் பூஜ்யம். வாழ்க்கையில் எதை நாம் அப்படி வாங்குகிறோம்? அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1956-இலேயே வேறு வழி சொன்னார். போதும் என்கிற அளவை முதலில் வரைந்துகொள், அதைத் தாண்டுகிற முதல் ஒன்றை எடுத்துக்கொள். சோம்பேறித்தனம் மாதிரித் தெரியும். ஆனால் தேடுவதற்கும் விலை உண்டு, அந்த விலையைத் தேடுகிறவர் மட்டும் கொடுப்பதில்லை. ஒவ்வொரு வண்டிக்குப் பின்னாலும் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போகாமல் காத்திருக்கிறார்.

அப்படியானால் ஆளைப் பார்த்து நம்பி வாங்கிவிடலாமே? அதுவும் முடியாது. 1970-இல் பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப் ஒரு கட்டுரை எழுதினார். மூன்று ஆய்விதழ்கள் வேண்டாம் என்று திருப்பி அனுப்பின. 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்க அதுவே காரணமானது. கட்டுரையின் முக்கிய உதாரணம் பழைய கார் சந்தை. எது நல்ல வண்டி, எது கெட்டது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. ஆகவே எல்லாவற்றுக்கும் நடுவாந்தர விலைதான் சொல்வார். நல்ல வண்டி வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டாது, சந்தையை விட்டுப் போய்விடுவார். மிச்சம் இருப்பதன் தரம் இறங்கும், விலையும் இறங்கும், இன்னும் கொஞ்சம் நல்லவர்கள் போவார்கள். அதே கட்டுரையில் இந்தியாவைப் பற்றியும் ஓரிடம் வருகிறது. கடை அரிசியில் அரிசி நிறத்திலேயே, அரிசி வடிவத்திலேயே வேண்டுமென்றே கல் கலக்கிறார்கள், வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து பொறுக்க வேண்டியிருக்கிறது என்கிறார். எங்கோ ஒருவன் செய்த பொய், யாரோ ஒருத்தியின் முறத்தில் வேலையாக வந்து விழுகிறது.

ஆக, பார்க்காமல் வாங்குகிறவர் பொய் சொல்கிறவருக்குக் கூலி கொடுக்கிறார். எவ்வளவு பார்த்தாலும் நம்பாதவர் உண்மை சொல்கிறவரை விரட்டிவிடுகிறார். திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' அதிகாரத்தின் கடைசிக் குறள் இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறது: ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பிய பிறகு சந்தேகப்படுவதும் ஓயாத துன்பம்தான். சந்தேகத்துக்கு ஒரு காலம் உண்டு, அது முடிகிற இடமும் உண்டு என்று நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொரு சங்கடம், விற்கிறவரின் அவசரம். 2022 தொடக்கத்தில் கூலி உயர்வு கேட்டு கோவை, திருப்பூர் மாவட்டங்களில் விசைத்தறிகள் வாரக்கணக்கில் நின்றன. தறி நின்றால் வீட்டில் முதலில் விலை பேசப்படுகிற பொருள் பெரும்பாலும் வண்டிதான். நாங்கள் பார்க்கப் போன ஒரு வீட்டிலும் தறிக்கூடத்தில் சத்தமே இல்லை. பேரத்தில் கெட்டிக்காரரான மாமா ஒருவர் கூட வந்திருந்தார். கீறலில் ஆரம்பித்து, "பம்பர் மாத்தின மாதிரி இருக்குதுங்களே" என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். எல்லாம் மூன்றாவது பத்தி சமாச்சாரம். அப்பா பேசாமல் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். விலை இருபதாயிரம் இறங்கியது. வண்டியில் குறை கூடியதால் இறங்கவில்லை, அந்த வீட்டுக்காரருக்கு அந்த வாரம் பணம் தேவைப்பட்டதால் இறங்கியது. அவர் முதலில் சொன்ன விலைக்கே அந்த வண்டி பொருந்தும் என்று நான் சொன்னேன். பேச்சு அதோடு நின்றுபோய், வேறொருவர் வாங்கிக்கொண்டார். மாமா இன்னும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

எனக்கு உண்மையில் தூக்கத்தைக் கெடுத்தது வேறொரு வண்டி. பிரேக் ஒரு பக்கம் இழுத்தது. அடியில் பார்த்த மெக்கானிக், முன்பக்கம் பெரிய அடி பட்டு வெல்டிங் வைத்திருக்கிறது என்றார். முதல் பத்தி, ஆகவே வேண்டாம். ஆனால் நான் வேண்டாம் என்று விட்ட வண்டி எங்கே போகும்? உடைக்கப் போகாது. மெக்கானிக்குக் கொடுக்கக் காசில்லாத, என்னைவிட பட்ஜெட் குறைந்த ஒருவரிடம் போகும். கறாராக இருக்க முடிவதே ஒரு வசதி. நாம் தள்ளிவிடுகிற ஆபத்து, அந்த வசதி இல்லாதவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்கிறது.

இந்த மாதிரி நேரங்களில் நம் ஊர் மரியாதை என்ன செய்யும்? "வீட்ல கலந்துக்கிட்டு சொல்றனுங்க" என்று சொல்லிவிட்டு நழுவும். அவர் மனசும் நோகாது, நமக்கும் வம்பில்லை. இந்த மரியாதை எனக்குச் சரியாகப் படவில்லை. மெக்கானிக் சொன்னதை அப்படியே விற்கிறவரிடம் சொன்னேன். விலை குறைக்கக் கேட்கவில்லை, வாங்கப் போவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் சொன்னேன். அவருக்கு முகம் சுருங்கியது. சரி செய்தாரா, மறைத்து விற்றாரா, தெரியாது. ஆனால் இனி அடுத்தவரிடம் அவர் 'எனக்குத் தெரியாதுங்க' என்று சொன்னால் அது பொய் என்பது அவருக்குத் தெரியும். என்னால் ஆனது அவ்வளவுதான், ஆனால் அதுகூட ஒன்றுமில்லாமல் போகாது என்று நினைக்கிறேன். குறை பார்க்கிற உரிமையோடு இந்தக் கடமையும் ஒட்டிக்கொண்டு வருகிறது: கண்டதைச் சொல்லிவிட்டுப் போவது.

கடைசியில் ஒன்பதாவதாகப் பார்த்த வண்டியை எடுத்தோம். கிளட்ச் போகிற நிலைமை, அதற்குக் கழித்துக்கொண்டார்கள். இடது கதவில் ஒரு நீளக் கீறல், அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பதினாலு நாளுக்குள் ஆர்டிஓ வேலைகளை முடித்தோம்.

அந்த மூன்று பத்திப் பட்டியலைப் போனிலிருந்து அழிக்கவில்லை. ஐந்தாறு வருஷத்தில் நானும் இந்த வண்டியை விற்பேன். அன்றைக்கு இதே பட்டியலை என் கையால் நிரப்பி, பார்க்க வருகிறவரிடம் கேட்காமலே கொடுக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். கொடுத்தால் விலை நிச்சயமாகக் குறையும், முப்பதாயிரமோ நாற்பதாயிரமோ. வாங்கும்போது நான் பேசின நியாயமெல்லாம் எவ்வளவு பெறும் என்று அந்தத் தொகையைப் பார்த்தால் தெரிந்துவிடும்.