கட்டில் வாடகையும் மனச்சாட்சியும்



சென்ற தபசு காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சிலுவைப்பாதை முடிந்தபின், நம் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத் தலைவர் கோவில் திண்ணையில் என் அருகே வந்து உட்கார்ந்தார். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதல்ல, ஆகையால் எழுதுகிறேன். அதுவும் அவருடைய சம்மதத்தோடுதான். "சுவாமி, என் மாடி அறையில் ஆறு பெண்பிள்ளைகளை வைத்திருக்கிறேன். கட்டில் ஒன்றுக்கு மாதம் ஐயாயிரம் ரூபாய். தாங்களாகவே விலாசம் கேட்டு வந்தவர்கள். நான் ஒருவரையும் கட்டாயப்படுத்தவில்லை. இதில் பாவம் ஏதும் உண்டா?" என்று கேட்டார்.

அந்த அறை எனக்குத் தெரியும். வீடு மந்திரிக்கப் போயிருக்கிறேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி. மூன்று இரண்டடுக்குக் கட்டில்கள், ஒரு ஜன்னல், ஒரு குளியலறை. உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யோசித்துச் சொல்லுகிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

இது ஒரு வீட்டுச் சங்கதி மாத்திரம் அன்று. பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும், அம்பத்தூர் எஸ்டேட்டைச் சுற்றியுள்ள தெருக்களிலும், ஆவடி ரயில் நிலையத்தின் இருபுறத்திலும் நடந்து பாருங்கள். "லேடீஸ் ஹாஸ்டல்", "ஜென்ட்ஸ் பி.ஜி." என்ற பலகைகள் எத்தனை! குடும்பத்துக்கு விடுவதைக் காட்டிலும் கட்டில் கணக்கில் விடுவது லாபம் என்று கண்டவுடன், அநேகர் கூடத்தைப் பலகையால் தடுத்தார்கள். மொட்டை மாடியில் தகரக் கொட்டகை எழுப்பினார்கள். வாலிபர் குடியேறும் இடத்துக்கு வியாபாரமும் கூடவே வந்துவிடுகிறது. மளிகைக் கடைக்காரர் அரிசி மூட்டையை உள்ளே தள்ளிவிட்டு, ஷாம்பு பாக்கெட்டுகளைச் சரம் சரமாக முன்னால் தொங்கவிட்டிருக்கிறார். சமைக்க இடமில்லாதவர்களுக்கு மெஸ் வந்தது. இரவு ஷிப்டு முடிந்து வருகிறவர்களுக்காகப் பரோட்டாக் கடை நடுநிசிவரை திறந்திருக்கிறது. இதையெல்லாம் நான் குறை கூறவில்லை. மாவு அரைத்து விற்கும் விதவைத் தாய் ஒருவர், இந்தப் பிள்ளைகள் வந்த பிறகுதான் தம் கடனை அடைத்ததாக என்னிடம் சொன்னதுண்டு. ஆனால் இரண்டு குழந்தைகளோடு வாடகை வீடு தேடும் தம்பதிகள் திருநின்றவூருக்கும் அதற்கு அப்பாலும் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஆறு கட்டிலின் வாடகையை ஒரு தகப்பன் எப்படிக் கொடுப்பான்?

"அந்தக் காலத்தில் நாங்களும் இப்படித்தான் வந்தோம்" என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். உண்மைதான். 1961-ம் ஆண்டில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை உண்டாயிற்று. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை தொடங்கிற்று. தெற்கேயிருந்தும் வடக்கேயிருந்தும் நம் தகப்பன்மார் பெட்டியும் படுக்கையுமாக வந்து இறங்கினார்கள். ஊரில் பிழைப்பில்லாமல் வந்தவர்கள் உண்டு. ஊராரின் கண் எப்பொழுதும் தங்கள்மேல் இராத இடத்தில் வாழ ஆசைப்பட்டு வந்தவர்களும் உண்டு. (இந்த இரண்டாவது காரணத்தை அவர்கள் தங்கள் பிள்ளைகளிடம் சொல்வதில்லை.) ஆயினும் ஒரு வித்தியாசத்தை மறக்கலாகாது. ஆவடியில் வேலை கொடுத்த சர்க்கார் குவார்ட்டர்ஸும் கட்டிற்று. எல்லாருக்கும் கிடைக்கவில்லை என்றாலும், வேலைக்கு அழைத்தவனுக்கு இருப்பிடத்தைப் பற்றியும் கடமை உண்டு என்ற எண்ணம் இருந்தது. இன்றோ வேலை கொடுப்பவர் ஒருவர், ஆள் சேர்க்கும் காண்டிராக்டர் இன்னொருவர், இடம் கொடுப்பவர் மூன்றாமவர். கேடு வந்தால் ஒருவர் மற்றவரைக் காட்டுகிறார்.

அப்படிப்பட்ட கேடு நம் பக்கத்திலேயே வந்தது. சுங்குவார்சத்திரத்திலுள்ள ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலையில் வேலை செய்த பெண்கள், பூந்தமல்லியை அடுத்த ஒரு விடுதியில் தங்கவைக்கப்பட்டிருந்தார்கள். 2021 டிசம்பர் மாதத்தில் அங்கே கெட்டுப்போன உணவை உண்டு இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் நோயுற்றார்கள். 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களைப் பற்றிச் சரியான செய்தி கிடைக்காமல் தோழிகள் கலங்கி, இரவில் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். அதன்பிறகே, தொழிலாளர் விடுதிகளில் ஒரே அறையில் முப்பது பேர்வரை இருந்ததும், தரையில் படுத்ததும், தண்ணீர் வசதியில்லாத கழிப்பறைகளும் உலகத்துக்குத் தெரியவந்தன. ஏறக்குறைய 17,000 பேர் வேலை செய்த ஆலை மூடப்பட்டு, 2022 ஜனவரி 12-ம் தேதிதான் திறந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு 18,720 பேர் தங்கும் குடியிருப்பைச் சர்க்கார் திறந்துவைத்தது. நல்லது. ஆனால் அதற்கு முன்னே அந்தப் பெண்கள் ரோட்டில் உட்கார வேண்டியிருந்தது.

"அது பெரிய கம்பெனி விவகாரம், என் மாடி அறைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம். அவர்களாக இஷ்டப்பட்டுத்தானே வந்தார்கள் என்பதே எல்லாருடைய வாயிலும் இருக்கிற நியாயம். ஆகவே இந்த இஷ்டத்தைக் கொஞ்சம் ஆராய்ந்து பார்ப்போம்.

பட்டணத்தை விரும்புவது பாவமன்று. விழுப்புரத்துக்கு உள்ளேயிருக்கும் கிராமத்தில் ஆறு மணிக்குமேல் வெளியே போகக்கூடாத ஒரு பெண், இங்கே தன் சம்பளத்தைத் தன் கையால் வாங்குகிறாள். கலியாணப் பேச்சை இரண்டு வருஷம் தள்ளிவைக்கிறாள். தம்பியின் கல்லூரிக் கட்டணத்தை அனுப்புகிறாள். அவளுடைய விருப்பத்தில் நான் நற்குணத்தையே காண்கிறேன். ஆனால் பட்டணத்துக்கு வர இஷ்டப்பட்டாள் என்பதால், ஓர் அறையில் ஆறாவது ஆளாகப் படுக்கவும் இஷ்டப்பட்டாள் என்று முடிவுசெய்யலாமா? குருமடத்தில் எங்களுக்கு அரிஸ்டாட்டில் காட்டிய ஓர் உதாரணத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள். புயலில் அகப்பட்ட மாலுமி கப்பலின் சரக்கைக் கடலில் எறிகிறான். தன் கையால்தான் எறிகிறான்; என்றாலும் புத்தியுள்ள எவனும் அமைதியான கடலில் அப்படிச் செய்யமாட்டான். கட்டில் வாடகைக்குக் கையெழுத்துப் போடுகிற பெண்ணின் சம்மதமும் இந்த வகையைச் சேர்ந்ததே. புயலை நீங்கள் உண்டாக்கவில்லை. ஆனால் எறியப்பட்ட சரக்கு உங்கள் கரையில் ஒதுங்குகிறது.

பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பானவர் 1891-ல் எழுதிய நிருபத்தில், வேறு வழியின்றிக் குறைந்த கூலிக்கு ஒப்புக்கொள்ளும் தொழிலாளி அநீதிக்கு உட்பட்டவனே என்றார். கூலிக்குச் சரியானது வாடகைக்கு மாத்திரம் சரியாகாமல் போகுமோ?

அப்படியானால் எவ்வளவு வாங்கலாம்? அர்ச்சியசிஷ்ட தோமாஸ் அக்குவினாஸ் வியாபாரத்தைப் பற்றிச் செய்த ஆராய்ச்சி இங்கே உதவுகிறது. ஒரு பொருளை விட்டுக்கொடுப்பதால் விற்பவனுக்கு நஷ்டம் உண்டானால், அந்த நஷ்டத்தையும் விலையில் சேர்க்கலாம். வாங்குகிறவனுக்கு அவசரம் இருக்கிறதே என்று அதற்காக விலையை ஏற்றலாகாது என்கிறார். ஏனெனில் அந்த அவசரம் விற்பவனுடைய சொத்து அன்று. தன்னுடையதல்லாததை விற்க எவனுக்கும் உரிமையில்லை. வீட்டுக்கடன் வட்டி, தண்ணீர் லாரி, மோட்டார், வெள்ளையடிப்பு, தேய்மானம், உங்கள் பிழைப்புக்கு நியாயமான வருமானம் இவையெல்லாம் உங்களுடையவை. கூச்சமின்றிக் கணக்கில் எழுதுங்கள். பென்ஷன் இல்லாமல் வாடகை ஒன்றையே நம்பியிருக்கும் முதிய தாய்மாரை நான் மறக்கவில்லை. பக்கத்தில் வேறு விடுதி கிடையாது, இருட்டிவிட்டது, பெண்பிள்ளை தனியாக நிற்கிறாள் என்பதற்காகக் கூட்டின தொகையோ வேறு.

அட்வான்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 2017-ம் ஆண்டு இயற்றப்பட்ட வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்குமேல் முன்பணம் வாங்கலாகாது என்கிறது. இருவரும் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டாலன்றி. இந்த "அன்றி" என்ற வாசலின் வழியாகத்தான் பத்துமாத அட்வான்ஸ் இன்னும் வந்துபோகிறது. ஏழையிடம் அடகாக வாங்கின போர்வையைப் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடுக்கச் சொல்லுகிறது யாத்திராகமம். நாமோ அறையைக் காலிசெய்தவனை "பெயிண்ட் செலவு பிடித்துக்கொண்டு தருகிறேன்" என்று மூன்று முறை அலையவைக்கிறோம். பெண்கள் விடுதிகளுக்கு உரிமம் வேண்டுமென்று 2014-ல் வந்த சட்டம் தங்கள் வீட்டுக்கும் பொருந்துமா என்பதை, சிறிய அளவில் கட்டில் போட்டவர்களும் விசாரித்து அறிந்துகொள்ளட்டும்.

இன்னொன்றும் சொல்லாமல் விடமாட்டேன். வீடு பார்க்க வரும் வாலிபனிடம் "தம்பிக்கு எந்த ஊர்? ஊரில் எந்தத் தெரு?" என்று நம்மவர்கள் கேட்கும்போது அவர்கள் உண்மையில் எதை விசாரிக்கிறார்கள் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரிஸ்ஸாவிலிருந்து வந்தவனிடம் தெருவைக் கேட்பதில்லை. அவனுக்குத் தகரக் கொட்டகையைக் காட்டிவிடுகிறார்கள்.

இவற்றில் அநேகமாக எல்லாவற்றையும் அந்தக் குடும்பத் தலைவருக்கு, அவர் மறுபடியும் வந்தபோது, நேரில் சொன்னேன். பொறுமையாய்க் கேட்டார். கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த மாதமே ஓர் இரண்டடுக்குக் கட்டிலை எடுத்துவிட்டார். இன்னொரு ஜன்னல் வைத்தார். அறையில் இப்பொழுது நான்கு பேர். வருமானம் குறைந்ததைச் சரிக்கட்ட, தலைக்கு அறுநூறு ரூபாய் கூட்டியதாகவும் சொன்னார். "இப்பொழுது சரிதானே, சுவாமி?" என்றார்.

போன இரண்டு பெண்களும் இப்பொழுது எங்கே தங்கியிருக்கிறார்கள் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.