விலையும் மதிப்பும்: கண்காட்சி நாயும் பணிநாயும்

விலை என்பது ஒன்றைப் பெறுதற்குப் பிறர் தர முன்வரும் பணம். மதிப்பு என்பது அது தன்னளவில் கொண்டிருக்கும் தகுதி. உலக வழக்கில் இவ்விரு சொற்களும் ஒன்றற்கு ஒன்றாக ஆளப்பெறினும், இவற்றிடையே உள்ள இடைவெளி நாய் விற்பனையில் தெளிவாகப் புலப்படுகிறது.

கண்காட்சி நாயின் விலை எதனால் அமைகிறது? இங்கிலாந்தில் 1873இல் தோன்றிய கென்னல் கிளப் போன்ற அமைப்புகள் ஒவ்வோர் இனத்துக்கும் உருவ வரையறை வகுத்துள்ளன. நடுவர் அவ்வரையறையோடு நாயை ஒப்பிட்டுப் பட்டம் வழங்குகிறார். நியூயார்க்கில் 1877 முதல் நடைபெற்றுவரும் வெஸ்ட்மின்ஸ்டர் கண்காட்சியில் தலைசிறந்த நாய்க்குப் பணப்பரிசு இல்லை. பட்டத்தின் பொருளாதாரப் பயன் இனவிருத்தியிலேயே கிட்டுகிறது. ஆகவே, வாங்குவோர் தரும் விலை பெரிதும் இனிப் பிறக்கவிருக்கும் குட்டிகளுக்கான விலையே எனலாம்.

பணிநாயின் நிலை வேறு. வேல்சு நாட்டின் டோல்கெலாய் ஊரில் 2021ஆம் ஆண்டு கிம் என்னும் ஓராண்டு அகவையுடைய பார்டர் கோலி நாய் 27,100 பவுண்டுக்கு ஏலம் போயிற்று. ஆடுகளை வளைத்து ஓட்டும் இயல்பூக்கம் குருதிவழி வருவது. ஆயின் ஏவலுக்கு நிற்றலும் திரும்புதலும் கற்பித்தலால் வருவன. அங்கு விலைபோனது நாய் மட்டுமன்று. பயிற்றியவரின் உழைப்பும் அதனோடு சேர்ந்தே விலைபோயிற்று.

அழகுக்குத் தரும் விலையைவிடப் பயனுக்குத் தரும் விலை அறத்திற்கு நெருக்கமானது என நாம் எளிதில் முடிவுகட்டிவிடுகிறோம். உழைப்பைப் போற்றுவார்க்கு இஃது இயல்பே. எனினும், பயன் ஒன்றே அளவுகோலாயின், பயன் தீர்ந்தவிடத்து என்ன எஞ்சும்? பணிக்குத் தகுதியிழந்த நாய்கள் கருணைக்கொலை செய்யப்படுவதை இந்திய இராணுவம் 2015இல், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுந்த வினாவுக்கு விடையாகத் தெரிவித்தது. இச்செய்தி தில்லி உயர்நீதிமன்றம்வரை சென்றது. பின்னரே ஓய்வுபெற்ற நாய்களைத் தத்துக் கொடுக்கும் நடைமுறை வந்தது. வெடிகுண்டைக் கண்டறிந்து வீரர்களின் உயிர்காத்த நாயும் கணக்கேட்டில் தேய்மானப் பொருளாகவே நின்றது என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

விலையுடையது தனக்கு ஈடான பிறிதொன்றால் மாற்றப்படக்கூடியது என்றும், அங்ஙனம் மாற்றவியலாதது மாண்புடையது என்றும் 1785இல் வகுத்தவர் இம்மானுவேல் கான்ட். அம்மாண்பை அவர் பகுத்தறிவுடைய உயிர்க்கே உரியதாக்கினார். ஆயினும், நெடுங்காலம் உண்மையாக உழைத்த நாயை அது மூத்தபின் இறக்கும்வரை பேணுதல் வேண்டும் என அறவியல் விரிவுரையில் அவரே கூறியுள்ளார். அக்கடமை நாய்க்குரியதன்று, நம் மனிதப் பண்புக்குரியது என்பது அவர் கருத்து. நாய் உழைத்திருக்க, கடன் மட்டும் நம் பண்புக்கு எவ்வாறு உரியதாகும் என்பது அவர் கோட்பாட்டில் விளங்கவில்லை.

அமெரிக்காவில் 1929இல் நிறுவப்பெற்ற சீயிங் ஐ, பார்வையற்றோர்க்கு வழிகாட்டி நாய்களைப் பயிற்றித் தரும் நிறுவனம். ஒரு நாயைப் பயிற்றப் பல்லாயிரம் டாலர் செலவாகிறது. முதன்முறை நாய் பெறுவோரிடம் அது கேட்கும் தொகையோ 150 டாலர். இரவலராக அன்றி உரிமையாளராகவே அவர் நாயுடன் வீடு திரும்ப வேண்டும் என்பது நோக்கம். நாய் முதுமையுற்று ஓய்வுபெறும்போது அவர் அதனைத் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம். இயலாதெனில், நிறுவனமே அதற்கொரு வீடு தேடித் தருகிறது.