இரண்டடி இடைவெளியில் இன்னொரு வெள்ளாமை

"இருக்கிறது ஒரே ஒரு ஏக்கர், இதில் என்ன சாதித்துவிட முடியும்?" இந்தக் கேள்வியை இனி யாரிடமும் கேட்காதீர்கள். உங்கள் மனசிடம்கூடக் கேட்காதீர்கள். நிலத்தின் அளவைப் பத்திரத்தில் எழுதிவிட்டார்கள். அந்த நிலம் எவ்வளவு விளைய வேண்டும் என்று எழுதப்போகிறவர் நீங்கள்!

இனிப்பு மக்காச்சோளம் போட்ட வயலை 20ஆம் நாள் போய்ப் பாருங்கள். வரிசைக்கு வரிசை இரண்டடி. பயிர் இன்னும் முழங்காலைத் தொடவில்லை. நடுவே தண்ணீர் பாய்கிறது, உரம் கரைகிறது, வெயில் விழுகிறது. அத்தனையையும் தின்று கொழுப்பது யார்? கோரையும் சாரணையும். காசு கொடுத்து வாங்கிய உரத்தைக் களைக்குப் போட்டு, அந்தக் களையை எடுக்க மறுபடியும் கூலி கொடுக்கிறோம். இந்த அநியாயம் போதும். சோளம் விதைக்கிற அன்றே அந்த இடைவெளியில் தட்டைப்பயறை ஊன்றுங்கள். கொத்தவரையை ஊன்றுங்கள். குளிர்ச்சியான ஊர் என்றால் செடி பீன்ஸ் ஊன்றுங்கள். கொடி வீசும் ரகம் மட்டும் வேண்டாம், சோளத்தட்டையைச் சுற்றிச் சாய்த்துவிடும்.

கதிர் ஒடிக்க 70, 75 நாள் ஆகும். கையில் காசு வறண்டு, வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, அவர் சொன்ன விலைக்குத் தலையாட்டுவது அதற்கு முந்தைய நாட்களில்தான். தட்டைப்பயறோ 45, 50 நாளிலேயே காய் பறிப்புக்கு வந்துவிடுகிறது. வாரம் இரண்டு முறை உங்கள் தோட்டத்துக் காய் சந்தைக்குப் போய்ப் பணமாகத் திரும்பட்டும். அப்போது சோள வியாபாரி வரப்பில் வந்து நின்றால் விலையை நீங்கள் சொல்வீர்கள். குரலே மாறியிருக்கும்! தன்னம்பிக்கை மேடைப் பேச்சில் வருவதில்லை ஐயா, மடியில் நாலு காசு இருக்கும்போது வருகிறது.

நிழலில் பயறு காய்க்குமா என்பீர்கள். தனியாகப் போட்ட அளவுக்குக் காய்க்காது, உண்மைதான். ஆனால் அந்த இரண்டடியில் இதுவரை நீங்கள் கண்ட வரவு பூஜ்யம் என்பதை மறக்காதீர்கள்.

பூக்கிற பருவத்தில் ஒரு தட்டைப்பயறுச் செடியை மண்ணோடு தோண்டி எடுங்கள். வெடுக்கென்று பிடுங்கினால் வேர் முடிச்சுகள் அறுந்துபோகும். மண்ணை உதிர்த்து, ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு தெரிந்தால் ரைசோபியம் என்னும் நுண்ணுயிர் சுறுசுறுப்பாக வேலை செய்கிறது, காற்றில் கிடக்கும் தழைச்சத்தை உங்கள் செடிக்குள் இழுத்து வைக்கிறது என்று அர்த்தம். யாருக்கும் கையேந்தாமல் கிடைக்கும் உரம் இது! அதை நம்பி இந்த முறையே சோளத்துக்கு யூரியாவைக் குறைத்துவிடாதீர்கள். பிடித்த சத்தில் பெரும்பகுதி பயறுச் செடியிலேயே இருக்கும். காய் பறித்து முடித்ததும் மடக்கி உழுதால் அடுத்த பயிருக்குப் போய்ச் சேரும்.

ஒரு எச்சரிக்கை. மக்காச்சோளத்துக்கு வழக்கமாக அடிக்கும் அட்ரசின் களைக்கொல்லியை ஊடுபயிர் இருக்கும் வயலில் தொடவே தொடாதீர்கள், பயறு கருகிவிடும்.

2018இல் படைப்புழு வந்து குருத்து குருத்தாகச் சோளத்தைத் தின்றதைப் பார்த்தவர்கள் நாம். அன்று பயிரையே கைவிட்டவர்கள் உண்டு. பயறை ஊடுபயிராகப் போடச் சொன்னது அந்தப் புழுவை எதிர்க்க வேளாண் விஞ்ஞானிகள் கொடுத்த யோசனைகளில் ஒன்று. தட்டைப்பயறில் அசுவினி வரும், அசுவினியைத் தேடிப் பொறிவண்டு வரும், வந்த பொறிவண்டு சோளத்தில் இருக்கும் புழு முட்டையையும் விடாது. அடி வாங்கிய அதே வயலில் எழுந்து நில்லுங்கள்!

இன்னும் ஒரு எச்சரிக்கை. பக்கத்துத் தோட்டத்தில் சாதா மக்காச்சோளம் இருந்தால் மகரந்தம் கலந்து உங்கள் கதிரில் இனிப்பு குறையும். அந்தத் தோட்டக்காரரோடு உட்கார்ந்து பேசி, விதைப்பை மூன்று வாரம் முன்னே பின்னே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏக்கர் முழுவதையும் மாற்றப் பயமா? 20 சென்ட் போதும். பாதியில் தனிச் சோளம், பாதியில் ஊடுபயிர். விதை, கூலி, காய், கதிர் என்று இரண்டுக்கும் தனித்தனியாக ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். யார் பேச்சையும், இந்தக் கட்டுரையையும் நம்ப வேண்டாம், உங்கள் கையெழுத்தை நம்புங்கள். வருகிற பட்டத்துக்குச் சோள விதை வாங்கக் கடைக்குப் போவீர்கள் அல்லவா, அன்றைக்கே தட்டைப்பயறு விதையையும் ரைசோபியம் பாக்கெட்டையும் சேர்த்து வாங்கி வாருங்கள்.