விளிம்பில் நிற்கும் முகம்

ஆண்டிறுதி நெருங்கியதும் தமிழ்ப்பள்ளி வளாகங்களில் நாற்காலிகளும் நீள்பலகைகளும் வெளியே வந்து வரிசை பிடிக்கும். வகுப்புப் படம் எடுக்கும் நாள் அது. பால்மரக் காடுகளும் பின்னர்ச் செம்பனையும் சூழ வளர்ந்த கூலாய் போன்றதோர் ஊரில், தோட்டப்புறத்தில் தோன்றிய பள்ளிக்கு விரிந்த முற்றம் வாய்ப்பது அரிது. ஒருபுறம் வகுப்பறைச் சுவர், எதிர்ப்புறம் கால்வாய், அதனை அடுத்து வேலி. படம் பிடிப்பவர் ஒவ்வோர் அடியாகப் பின்வாங்குகிறார். முதுகில் வேலி முட்டுகிறது. எனினும் வரிசையின் இரு முனைகளிலும் நிற்கும் பிள்ளைகள் படத்துக்குள் வரவில்லை. இனி அவர் செய்யக்கூடியது ஒன்றே. பையைத் திறந்து வேறொரு வில்லையை எடுக்கவேண்டும். எதனை எடுப்பது என்பது கைவினைஞரின் சிக்கலாகத் தோன்றும். சற்று நின்று நோக்கின், அஃது அறத்தின் சிக்கலுமாகும்.

அவரிடம் மூன்று வில்லைகள் உள்ளன என்று வைத்துக்கொள்ளலாம். முதலாவது 24 மில்லிமீட்டர் குவியத் தூரம் உடையது; இரண்டாவது 14 மில்லிமீட்டர்; மூன்றாவது மீன்விழி வில்லை. படச்சட்டத்தின் அகலம் 36 மில்லிமீட்டராயின், 3 மீட்டர் தொலைவில் உள்ள வரிசையில் முதல் வில்லை நாலரை மீட்டர் நீளத்தையே அடக்கும். இரண்டாவது ஏழரை மீட்டருக்கு மேல் அடக்கும். எனவே முதல் வில்லையைத் தேர்ந்தால் முனையில் நிற்போர் விடுபடுவர். இரண்டாவதைத் தேர்ந்தால் எல்லாரும் இடம்பெறுவர். ஆனால் இடம்பெறுவதற்கு ஒரு விலை உண்டு. 14 மில்லிமீட்டர் வில்லை நேர்க்கோடுகளை நேர்க்கோடுகளாகவே காட்டும் இயல்பினது. சுவரும் தூணும் கூரை விளிம்பும் அதில் பிசகுவதில்லை. அந்த நேர்மையைக் காப்பதற்காக அது உருண்டையான பொருள்களை ஓரங்களில் இழுத்துவிடுகிறது. நடுவில் நிற்கும் பிள்ளையின் முகம் உள்ளபடி இருக்க, கடைக்கோடியில் நிற்கும் பிள்ளையின் முகம் உயரம் மாறாமல் அகலத்தில் மட்டும் ஏறத்தாழ 1.6 மடங்காக விரிந்துவிடும். 24 மில்லிமீட்டர் வில்லையில் அம்மடங்கு 1.25 அளவே. மீன்விழி வில்லையோ முகத்தை அவ்வளவு சிதைக்காது. அதற்கு ஈடாக நீள்பலகையையும் பள்ளிச் சுவரையும் வில்லாக வளைத்து, முனையில் நிற்பவரைச் சிறுக்க வைத்துவிடும்.

இம்மூன்றில் குறையற்றது எது என்று கேட்பது பயனற்ற கேள்வி. குறையற்றது இருக்கவே முடியாது. வளைந்த பரப்பினைச் சிறிதும் திரிக்காமல் தட்டையாக்க இயலாது என்பதை ஜெர்மானியக் கணித மேதை கௌஸ் 1827இல் நிறுவினார். வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலகப் படமே இதற்குச் சான்று. 1569இல் மெர்க்காட்டர் வகுத்த முறைப்படி வரையப்பட்ட படத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு நிகராகத் தோன்றும். உண்மையில் ஆப்பிரிக்கா அதனைப்போல் ஏறத்தாழ 14 மடங்கு பெரியது. மாலுமிக்குத் திசை பிழையாதிருக்க வேண்டும் என்பதற்காகப் பரப்பளவு பலியிடப்பட்டது. (இப்படத்தைச் சுட்டிக்காட்டிப் பாடம் நடத்தும் ஆசிரியருள் எத்தனை பேர் இதனை மாணவரிடம் சொல்கின்றனரோ!) கண்ணைச் சுற்றிலும் பரந்த காட்சியை ஒரு தாளில் அடக்க முனையும் வில்லைக்கும் இதே நெருக்கடிதான். கோணம் குறுகியிருக்கும்வரை பிழை சிறியது. எவர் கண்ணிலும் படாது. கோணம் விரிய விரியப் பிழை வளர்கிறது. ஆகவே வில்லையைத் தேர்பவன் பிழையை நீக்குவதில்லை. அதனை யார் தலையில் வைப்பது என்று முடிவு செய்கிறான்.

கடைத்தெருவில் இக்கேள்வி எழுவதில்லை. அங்கே ஒப்பீடு வேறு வகையினது. 2007இல் நிக்கான் நிறுவனம் வெளியிட்ட 14–24 வில்லை மிக விரிந்த கோணமும் மிகுந்த ஒளியும் தரவல்லது. ஆனால் ஏறக்குறைய ஒரு கிலோ எடை. முகப்புக் கண்ணாடி புடைத்திருப்பதால் வழக்கமான திருகு வடிகட்டியை அதில் பொருத்த முடியாது. 2014இல் கேனன் வெளியிட்ட 16–35 வில்லை, துளைத் திறப்பு 4 கொண்டது. கோணம் சற்றுக் குறைவு, எடை குறைவு, வடிகட்டியும் பொருந்தும், கைநடுக்கத்தை ஈடுசெய்யும் அமைப்பும் உண்டு. மூலையில் கூர்மை எவ்வளவு, ஒளி மங்கல் எவ்வளவு என்று வாங்குவோர் செங்கற் சுவரைப் படமெடுத்து ஆராய்கின்றனர். தவறில்லை. பொருள் செலவிடுபவன் ஆராயத்தான் வேண்டும். ஆயினும் செங்கற் சுவருக்கு முகம் இல்லை. தட்டையான சுவரை நேர் எதிரே நின்று எடுத்தால், எத்துணை அகன்ற வில்லையும் மேற்சொன்ன இழுப்பைக் காட்டாது. சோதனையில் முதல் மதிப்பெண் பெற்ற வில்லையே பள்ளி முற்றத்தில் ஒரு சிறுமியின் முகத்தைப் பூசணிக்காய் ஆக்கிவிடும்.

ஒளி மங்கலைப் பற்றிய பழைய செய்தி ஒன்று இங்கு நினைக்கத்தக்கது. மையத்திலிருந்து விலக விலக வில்லையின் வழி வரும் ஒளி விரைவாகக் குறையும். எளிய அமைப்புடைய வில்லையில் 45 பாகை விலகிய இடத்துக்கு மையத்தின் கால் பங்கு ஒளியே சென்று சேரும். 1900ஆம் ஆண்டளவில் கோயர்ஸ் நிறுவனம் செய்த ஹைபர்கான் என்னும் வில்லை 130 பாகைக்கும் மேற்பட்ட காட்சியை இரண்டே கண்ணாடிகளால் படமாக்கியது. மையம் வெளுத்து ஓரம் இருண்டுவிடுவதைத் தவிர்க்க அதன் முன் விண்மீன் வடிவச் சிறு விசிறி ஒன்றைப் பொருத்தினர். ரப்பர்க் குமிழை அழுத்தக் காற்று வரும்; விசிறி சுழலும்; மையத்துக்குச் செல்லும் ஒளியின் பெரும்பகுதியை அது மறித்துக்கொள்ளும். ஓரத்துக்கு மிகுதியாக ஒளி தர அக்கருவியால் இயலாது. மையத்தைக் காத்திருக்கச் செய்யத்தான் இயன்றது. படமெடுக்க நேரம் நீண்டது, படம் சீரானது.

ஓவியர்க்கு இன்னும் பெரிய உரிமை இருந்தது. ரஃபேல் 1509க்கும் 1511க்கும் இடையில் வாத்திக்கனில் தீட்டிய ‘ஏதென்சுப் பள்ளி’ என்னும் சுவரோவியத்தில் கட்டடம் முழுதும் நேர்க்கோட்டு இலக்கணத்துக்கு அடங்கியே நிற்கிறது. வலப்புற ஓரத்தில் இருவர் கையில் உருண்டைகள் உள்ளன. இலக்கணத்தின்படி அவை முட்டை வடிவாகத் தீட்டப்பட வேண்டும். ரஃபேல் அவற்றை முழு வட்டமாகவே தீட்டினார். ஓரத்தில் நிற்கும் மனிதரையும் இழுத்துவிடவில்லை. தூணுக்கு ஒரு விதி, மனிதனுக்கு ஒரு விதி. கணக்கறிந்தோர் இதனைப் பிழை எனலாம். ஆனால் அப்பிழையைச் செய்யாதிருந்தால் ஓவியம் எவ்வளவு கொடுமையாக இருந்திருக்கும்!

கண்ணாடிக்கு இத்தகைய இரக்கம் கிடையாது. அதனைத் தேர்பவனுக்கு உண்டா என்பதே வினா. தமிழில் ‘கண்ணோட்டம்’ என்னும் சொல் இன்று நோக்கும் நிலையையே பெரிதும் குறிக்கிறது. திருக்குறளின் 58ஆம் அதிகாரத்துக்குத் தலைப்பாக நிற்கும்போதோ, கண் சென்ற இடத்தில் நெஞ்சும் சென்று இரங்குவதைக் குறிக்கிறது. வள்ளுவர் அதனை அறத்துப்பாலில் வைக்கவில்லை. பொருட்பாலில், அரசியலில் வைத்தார். பிறரை ஓரிடத்தில் நிற்கச் சொல்லும் அதிகாரம் உடையவனுக்கு உரிய பண்பாக அதனை அவர் கருதினார் போலும்.

குழுப்படத்தில் விளிம்பு யாருக்கு வாய்க்கிறது என்பதையும் எண்ணவேண்டும். தோட்டக் காலத்துக் குழுப்படங்களில் நடுநாற்காலி துரைக்கு, அடுத்தது கிராணிக்கு, பால்வெட்டுத் தொழிலாளர் பின்னும் ஓரமுமாக நின்றனர். பள்ளிப் படத்திலும் நடுவிடம் தலைமையாசிரியர்க்கும் வாரியத்தார்க்கும் உரியது. நெட்டையாக வளர்ந்தவன், கடைசியாக ஓடிவந்தவள், சென்ற மாதம் வேறு பள்ளியிலிருந்து மாறிவந்த பிள்ளை ஆகியோரே முனைக்குச் செல்வர். வில்லையின் பிழை ஏற்கெனவே ஓரத்தில் இருப்போரையே தேடிச் சேர்கிறது. வில்லை இதனை அறியாது, நிறுத்தியவர் அறிவார்.

இஃது ஒரு படத்துக்கு மிகையான கவலை என்று ஒருவர் மறுக்கலாம். காட்சிக்காக மலையைப் படமெடுக்கையில் இம்மறுப்பு முற்றும் பொருந்தும். கூலாய்க்கு அருகிலுள்ள பூலாய் மலையை எவ்வில்லையால் எடுத்தாலும் மலை வருந்தப்போவதில்லை. ராபின் ஹில் என்பார் 1924இல் மேகங்களைப் பதிவுசெய்யவே முழு வானையும் வட்டமாகக் காட்டும் வில்லையை அமைத்தார். மேகத்துக்கு அதனால் ஓர் இழுக்குமில்லை. கட்டடத்துக்கு நேர்க்கோட்டு வில்லையே உகந்தது. ஆனால் வகுப்புப் படம் வீட்டுக்குச் செல்கிறது, சட்டத்துக்குள் ஏறுகிறது, குடும்பங்கள் தோட்டத்தை விட்டு நீங்கி, லயங்கள் இடிக்கப்பட்டு, அங்கே வீடமைப்புப் பகுதி எழுந்த பின்னும் எஞ்சுகிறது. அதனை எடுத்துப் பார்க்கும் எவரும் முதலில் தேடுவது தம் முகத்தையே.

மாற்று வழிகள் இல்லாமல் இல்லை. வரிசையை நீட்டாமல் ஆழமாக்கலாம். அப்போது முன்வரிசை இரண்டரை மீட்டரிலும் பின்வரிசை 4 மீட்டரிலும் நிற்கக்கூடும். முன்னிருப்போர் தலை பின்னிருப்போர் தலையைப்போல் 1.6 மடங்காகத் தோன்றும். ஓரத்தினின்று நீங்கிய பிழை பின்வரிசைக்குக் குடிபெயர்கிறது, அதே அளவில்! சுழன்று படமெடுக்கும் பழைய சர்க்கட் கருவிக்கு முன் பிள்ளைகளை அரைவட்டமாக நிறுத்துவர். எல்லாரும் கருவிக்குச் சம தொலைவில் நிற்பதால் படத்தில் வரிசை நேராகத் தெரியும். குறும்புக்காரப் பையன் ஒரு முனையில் படம்பட்டதும் பின்புறமாக ஓடி மறுமுனையிலும் நின்று, ஒரே படத்தில் இருமுறை சிரிப்பதுண்டு. இன்றும் அகன்ற வில்லைக்குமுன் விளிம்பை வெறுமையாக விட்டு, பின்னர் அப்பகுதியை வெட்டிவிடலாம். வகுப்பை இரண்டாகப் பிரித்து இரு படம் எடுக்கலாம். அதில் ‘எல்லாரும் ஒருங்கே’ என்பது போய்விடும்.

வேலியில் முதுகு முட்டிய மனிதர் இவை யாவற்றையும் எண்ணிக்கொண்டிருக்க நேரமில்லை. வெயில் ஏறுகிறது, சிறியவர்கள் நெளிகின்றனர். அவர் 14 மில்லிமீட்டரைப் பைக்குள் வைத்துவிட்டு 24 மில்லிமீட்டரைப் பொருத்துகிறார். நடுவில் இருக்கும் பெரிய நாற்காலிகளில் இரண்டை எடுத்துவிடுமாறும், பெரியவர்கள் எழுந்து தோளோடு தோள் நெருங்கி நிற்குமாறும் கேட்கிறார். வாரியத்தார் ஒருவர் சற்றுத் தயங்கி எழுகிறார். இரு முனைகளிலும் நிற்கும் பிள்ளைகளிடம் படம் பிடிப்பவர் கையசைக்கிறார்: “உள்ளே வாங்க, இன்னும் கொஞ்சம் உள்ளே.”